சுங்கை பினாங் மணல்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மைத்துனன் பெஞ்சமினை யாரும் நேரே வீட்டுக்குப் போக விட்டதில்லை. கோவில் வளாகத்தில் ஓர் அங்சானா மரம் உண்டு. அதன் நிழலுக்கு அவன் வந்து சேர்வதற்குள் நாலைந்து பேர் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் வீடு கட்டும் கேள்விகள்தான். சுவருக்குச் செங்கல்லா பலகையா? கூரைக்கு அத்தாப்பு ஓலையா, ஓடா, தகரமா? தூணுக்கு எந்த மரம்? தரைக்குச் சிவப்புக் கல் பதிப்பதா, சிமெண்ட் பூசுவதா? பெண் பார்க்க வருகிறார்கள், முன்கூடத்துக்கு நீலம் அடிக்கலாமா, மஞ்சள் அடிக்கலாமா?

அவனும் சலிக்காமல் பதில் சொல்வான். தகரம் போட்டால் மத்தியானம் வீட்டுக்குள்ளேயே ரொட்டி சுடலாம் என்பான். தூணுக்குச் செங்கால் மரம் வாங்கு, மெராந்தி வாங்கினால் கரையானை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி என்பான். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள். மறுநாள் நான் கணக்கெழுதுகிற சீனத் தவுக்கே முதலாளியின் மரக்கிடங்குக்கு வந்து, விலை குறைவென்று மெராந்தியையே வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்பதற்கென்றே பிறந்த ஜனங்கள். எனக்கு எரிச்சலாக வரும். பெஞ்சமினுக்கு வராது.

அவன் பினாங்குக்குக் கப்பலேறி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில், பத்தொன்பது வயதில். தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம். இங்கே சீனக் கொத்தனார்களிடம் செங்கல் சுமந்து, சுண்ணாம்பு குழைத்து, இருபது வருஷத்தில் தானே மேஸ்திரியானான். படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து உள்ளே எந்த இடத்தில் கல் சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவான். அவனுடைய தங்கை ஐரீனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அதனால் அவனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசவும் எனக்கு உரிமை உண்டு.

அத்தனை பேர் அத்தனை கேள்வி கேட்டார்களே, ஒருவர்கூட மணலைப் பற்றிக் கேட்டதில்லை. மணல் எங்கே கிடைத்தாலும் மணல்தானே என்று நினைத்திருப்பார்கள். பெஞ்சமினுக்கு அதில் ஒரு கொள்கை இருந்தது. கடற்கரை மணலைத் தொடமாட்டான். ஆற்று மணல்தான் வேண்டும். ஊரில் அவனுடைய அப்பன் பாட்டன் எல்லோரும் ஆற்று மணலில் கட்டினார்கள், அந்த வீடுகள் நிற்கின்றன, ஆகவே ஆற்று மணல். இங்கே ஆறு என்றால் சுங்கை பினாங். அங்கே கரையோரம் குடியிருந்தவர்கள் மணலை அள்ளிச் சம்பான் படகில் ஏற்றி அனுப்புவார்கள். மேஸ்திரியான நாளிலிருந்து அவன் கட்டியதெல்லாம் அந்த மணலில்தான்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. மழைக்காலத்தில் சுவர் கொஞ்சம் வியர்க்கும், பூச்சு பொடியாக உதிரும். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத கிறிஸ்தவ வீடு உண்டா? வருஷத்துக்கு ஒரு தரம் அடிக்கிற வெள்ளையில் எல்லாம் சரியாகிவிடும்.

பிறகு சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்தன. மரமே இல்லாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிகளைப் பணக்காரச் சீனர்கள் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வேதநாயகத்துக்கும் ஆசை வந்தது. அவர் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக் கோட்டும் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியுமாகத்தான் கோவிலுக்கு வருவார். டாத்தோ கெராமாட் சாலைப் பக்கம் அவர் கட்டிய மாடி வீட்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் பெஞ்சமின் முதன்முதலாக ஒரு சிமெண்ட் பால்கனி வைத்தான். நம் ஜனங்களில் யாருக்கும் அப்படி ஒன்று அதுவரை கிடையாது. தெருவே நின்று பார்த்தது. அடுத்த வருஷம் வேதநாயகம் தாமாகவே வந்து, பெஞ்சமினின் மகள் கேத்தரினைத் தம் மகனுக்குக் கேட்டார். பையன் தைப்பிங்கில் வேலையாக இருந்தான், மாதம் ஒருமுறை வந்து போவான். ஒரு மேஸ்திரியின் பெண் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது அந்தப் பால்கனியால்தான். அது எல்லோருக்கும் தெரியும். கேத்தரினுக்கு நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு பலர் கேட்டார்கள், பெஞ்சமினும் கட்டிக் கொடுத்தான். எனக்கும் ஆசை விடவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு மேலே நாலடி நீளத்துக்கு ஒரு சிமெண்ட் மழைமறைப்பு வைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஐரீனுக்கு அதன் அடிதான் இடம். கீரை ஆய்வது, தைப்பது, பக்கத்து வீட்டுச் சங்கதி பேசுவது எல்லாம் அங்கேதான்.

முப்பத்து மூன்றில் துறைமுகத்தோரம் ஒரு கிடங்கு கட்டுகிற இடத்தில் பெஞ்சமினுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர். வந்திறங்கிய மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். தூவென்று துப்பிவிட்டு முழுச் சம்பானையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்று சாயங்காலம் பெஞ்சமின் கைக்குட்டையில் மணலை முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னையும் நக்கிப் பார்க்கச் சொன்னான். உப்புக் கரித்தது.

“ஆறுதானே மச்சான், ஆத்து மணல் எப்படி உப்பா இருக்கும்?” என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்த ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறதே, பாலத்தில் நின்று தூண்டில் போடுகிற பயல்களுக்குக்கூடத் தெரியுமே என்றேன். அவன் சிரிக்கவில்லை. உப்பு சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது, ஆனால் சிமெண்டுக்குள் இருக்கிற கம்பியைத் தின்றுவிடும் என்று அந்த இன்ஜினியர் சொன்னதைச் சொன்னான். முதலில் பழுப்பாக ஒரு கோடு தெரியுமாம். கோடு தெரிந்தால் உள்ளே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டதென்று அர்த்தமாம். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் போய் வேதநாயகத்தின் வீட்டு எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பால்கனியின் அடிப்பக்கம் பால் வெள்ளையாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. முதலில் கட்டியதே இது, மழையும் வெயிலும் நேராக விழுவதும் இதன் மேல்தான், இதுவே நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கும் நிம்மதி. எனக்கு நிம்மதி சீக்கிரம் வந்துவிடும், அது ஒரு கெட்ட குணம்.

வேதநாயகம் எங்களைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். சம்பந்தி வந்திருக்கிறாரே என்று கோப்பி கொடுக்கச் சொன்னார். மருமகளைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். அவள் வந்ததிலிருந்து வீடு எப்போதும் புதிதாகவே இருக்கிறதாம். வேலைக்காரியிடம்கூட விடாமல் தானே மூங்கிலில் தூரிகையைக் கட்டி வெள்ளையடிக்கிறாளாம். கேத்தரின் கோப்பித் தட்டோடு நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு கடைசியில் விடாமல் ஒரு வாரம் மழை. மாதா பிறப்புத் திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. அந்த வழியாகப் போன பெஞ்சமின் ஒன்றைப் பார்த்துவிட்டான். பால்கனியின் அடியில், சுவரை ஒட்டி, தலைமயிர் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு மூங்கிலால் தட்டியும் பார்த்திருக்கிறான். சத்தம் சரியில்லை என்றான்.

எங்கள் கோவிலில் அந்தத் திருநாளுக்கு மாதா சப்பரம் தெருத்தெருவாக வரும். சப்பரம் வருகிறபோது மாடியிலிருந்து பூ தூவுவது வழக்கம். வேதநாயகம் வீட்டில் அந்தப் பால்கனி வந்த நாள் முதல், உறவு சனம் எல்லாம் அங்கேதான். இருபது பேராவது ஏறி நிற்பார்கள், பாதி பெண்களும் குழந்தைகளும். நடுவில் கேத்தரின் பூக்கூடையோடு நிற்பாள்.

என்ன செய்வது என்று என்னிடம் கேட்டான். கோடு இப்போதுதானே வந்திருக்கிறது, ஒரு வருஷமாவது தாங்கும். திருநாள் முடியட்டும், பூச்சு புதுப்பிக்கிறேன் என்று சொல்லி இடித்துவிட்டு வேறு மணலில் கட்டிக்கொடு, சம்பந்திக்கு விஷயமே தெரிய வேண்டாம் என்றேன். அவன் மனசும் அதைத்தான் சொல்லியிருக்கும், உடனே ஒப்புக்கொண்டான். நான் கொடுத்த அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

திருநாளன்று நாலு மணிக்கெல்லாம் போய்விட்டோம். வீடு நிறைய ஆட்கள். பெஞ்சமினுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போனான், நானும் போனேன். கேத்தரின் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மழையில் அந்தக் கோடு என்றைக்கு வந்தது, பார்த்தாயா அம்மா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

“மூணு வருசமா இருக்குப்பா” என்றாள். “மாமா பார்த்தா உங்களத்தானே சொல்லுவாங்க. அதான் மாசாமாசம் நானே சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிடுவேன். இந்தத் தடவ மழையில சுண்ணாம்பு நிக்கல.”

போன வருஷம் நாங்கள் அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்ட வெள்ளை, இவள் அடித்த வெள்ளை. மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் பாண்டு வாத்தியமும் கேட்டது, சப்பரம் தெருமுனைக்கு வந்துவிட்டது. பெஞ்சமின் படியேறி ஓடினான். ஐம்பத்திரண்டு வயதில் அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பால்கனி வாசலில் நின்றான். காலை வெளியே வைக்கவில்லை.

“எல்லாரும் உள்ள வந்திருங்க. இது நிக்காது. உப்பு மணல் போட்டு நான்தான் கட்டினேன், நானே சொல்றேன், உள்ள வாங்க.”

அவன் முகத்தைப் பார்த்த பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வேதநாயகம் மட்டும் வரவில்லை. எட்டு வருஷமாக நிற்கிறது, மாதா வருகிற நேரத்தில் உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார். தனியாக நின்று, பூக்கூடையை வாங்கி, தம் கையாலேயே தூவினார். சப்பரம் வந்தது, நின்றது, போனது. ஒன்றும் விழவில்லை. அந்தக் கிழவருக்கு ஒன்றும் ஆகாமல், ஓரத்திலிருந்து ஒரு துண்டாவது உதிராதா என்று நான் வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் பெஞ்சமினைச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. மேஸ்திரி என்றார். விருந்தாளிகள் முன்னால் தம்மை அவமானப்படுத்தியவன் அவர் வரைக்கும் வெறும் மேஸ்திரிதான். தெருவுக்குக் காட்ட வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால்கனியில் ரோத்தான் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோப்பி அங்கேதான் வர வேண்டும், மருமகள்தான் கொண்டுவர வேண்டும். முதல் நாள் அவள் வாசலில் தயங்கியிருக்கிறாள்.

“உங்க அப்பா கட்டினதுதானே, பயப்படாம வாம்மா” என்றாராம்.

பெஞ்சமின் தினமும் சாயங்காலம் எதிர்ப்பக்கத்துச் சீனன் கோப்பிக்கடை அஞ்சடி நடைபாதையில் போய் நிற்க ஆரம்பித்தான். கேத்தரின் கோப்பி கொண்டு வைப்பாள், உள்ளே போவாள். கோப்பையை எடுக்க வருவாள், போவாள். விளக்கேற்ற வருவாள். ஒவ்வொரு தரமும் அவள் கால் உள்ளே போகும்வரை இவனுக்கு மூச்சு வராது. நேராகப் போய் வேதநாயகத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தான். தாழ்வாரத்திலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டார். தைப்பிங்கில் இருந்த மருமகனுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னான். எழுதினேன். அப்பாவிடம் பேசுகிறேன் என்று பதில் வந்தது, பேசினதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடிக்கு முன்போல யாரும் வரவில்லை. வந்த ஓரிருவர், எங்க வீடாவது நிக்குமா மேஸ்திரி என்று கேட்டுச் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல், எந்த வருஷம் கட்டினது என்று திருப்பிக் கேட்பான். அவர்கள் அதற்கும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் மழைக்கு நடுவே, பால்கனி அடியிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தெருவில் விழுந்தது. வேதநாயகம் வேறொரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினார். மேலே நல்ல வெள்ளையாக அடிக்கச் சொன்னார். மறுநாள் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பெஞ்சமின் தட்டில் கை வைக்கவே இல்லை.

“கேத்தரின் ஒரு நாளைக்கு மூணு தடவ அதுல போய் வர்றா மச்சான்” என்றான். “ஞாயித்துக்கெழம நீயும் என்கூட வரணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வேதநாயகம் கிளம்பிப் போனதும் நாங்கள் போனோம். பெஞ்சமின் பூசைக்குப் போகாத ஒரே ஞாயிறு அதுதான். அவனோடு எப்போதும் வேலை செய்கிற பஷீர் சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தான். கேத்தரின் கதவைத் திறந்துவிட்டாள். மாமாவின் நாற்காலி வெளியே கிடக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். பெஞ்சமின் வேண்டாம் என்றான். அதற்காகக்கூட நீ அங்கே கால் வைக்காதே என்றான்.

தெருவின் குறுக்கே கயிறு கட்டி, ஆட்கள் வராமல் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். சீனன் கடையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். பெஞ்சமின் மாடி அறைக்குள் நின்று, பால்கனி சுவரோடு சேருகிற இடத்தில் கடப்பாரையை வைத்துப் பிடித்துக்கொண்டான். பஷீர் அடித்தான். ஒரு அடி, இரண்டு அடி. ஒரு நாள் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்றாவது அடிக்கு முழுப் பால்கனியும் ஒரே பலகையாகக் கீழே வந்துவிட்டது. தரை அதிர்ந்தது. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடங்கிய பிறகு பார்த்தால், சுவரில் கம்பி இருந்த இடத்தில் பழுப்பாகச் சில ஓட்டைகள் மட்டும் இருந்தன. விரல் தடிமனுக்குப் போட்ட கம்பி. பெஞ்சமின் கீழே இறங்கி வந்து, உடைந்த பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைத் தொட்டான். கையோடு பொடியாக வந்தது. ரோத்தான் நாற்காலி அந்தப் பலகைக்கு அடியில் கிடந்தது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. கேத்தரின் மாடி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசை முடிந்து வேதநாயகம் வந்தார். பின்னால் கோவில் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். கயிற்றைத் தாண்டி வந்து நாற்காலிக் காலைப் பார்த்தார். சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். மேலே நின்ற மருமகளைப் பார்த்தார். போலீசைக் கூப்பிடுவார் என்று நான் தயாராகவே இருந்தேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டார்.

“சம்பந்தி” என்றார். “இதே மணல்ல வேற எங்கெங்க கட்டியிருக்கீங்க?”

முப்பத்து மூன்று வருஷத்தில் அவனிடம் மணலைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்களில் நாலைந்து பேருக்கு அவன்தான் வீடு கட்டிக் கொடுத்தவன். பெஞ்சமின் தூசி படிந்த வலது கையை விரித்து, விரல்களை மடக்கத் தொடங்கினான். பாகான் டாலாமில் ஒன்று என்று சொல்லிச் சுண்டுவிரலை மடக்கினான்.

அடுத்த விரலை மடக்கும்போது என்னைப் பார்த்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வாசல் மழைமறைப்புக்கு நான்தான் வெள்ளையடிப்பேன். ஐரீன் இரண்டாம் பூசைக்குப் போகிறவள். அதுவரைக்கும் வாசலில்தான், அதன் அடியில்தான், உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன்.